ஐ-லீக்கை ஓரங்கட்டிய ஐ.எஸ்.எல்... பத்தே வருஷத்துல அதையே நடத்த ஆளில்லாம போனது ஏன்? முழு விவரம்!

2025 நவம்பர் 7. இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல் கால்பந்து தொடரை அடுத்த 15 வருடங்களுக்கு நடத்தும் உரிமைக்கான டெண்டர் முடிந்த நாள். டெண்டரில் சந்தேகம் கேட்ட நிறுவனங்கள் இருந்தன. ஆனால் பணம் போடத் தயார் என்று விண்ணப்பித்த நிறுவனங்களின் எண்ணிக்கை? பூஜ்யம்.

இதே லீக் 2014 அக்டோபரில் தொடங்கியபோது சச்சின், கங்குலி, தோனி, அபிஷேக் பச்சன், ரன்பீர் கபூர், ஜான் ஆபிரகாம் என அணி உரிமையாளர்கள் பட்டியலே ஒரு விருது விழா மாதிரி இருந்தது. நாட்டின் தேசிய லீக்காக இருந்த ஐ-லீக்கை ஐந்தே வருடத்தில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது ஐ.எஸ்.எல்.

அப்படிப்பட்ட லீக்குக்கு என்ன ஆச்சு? ஏற்கெனவே ஒரு லீக் இருக்கும்போது அதற்குப் போட்டியாக இன்னொன்றை ஆரம்பித்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல... ஐ-லீக்னா என்ன?

இந்தியாவில் தேசிய அளவிலான கால்பந்து லீக் 1996-ல் தொடங்கியது. அப்போது அதன் பெயர் நேஷனல் ஃபுட்பால் லீக். முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி அணி. இந்தத் தொடர்தான் 2007-ல் ஐ-லீக் என்று பெயர் மாறியது.

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், கோவாவின் டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ், சல்கோகர் என நீண்ட வரலாறு கொண்ட கிளப்புகள் ஆடிய லீக் அது. கொல்கத்தாவிலும் கோவாவிலும் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்ற ஊர்களில் பல மைதானங்கள் காலியாகவே கிடந்தன. டி.வி.யில் தொடர்ந்து காட்ட ஆளில்லை, ஸ்பான்சர் இல்லை. நிறுவனங்கள் நடத்திய அணிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. முதல் சாம்பியனான ஜே.சி.டி.யும் 2011-ல் விடைபெற்றது.

அதாவது, ஐ.எஸ்.எல் வருவதற்கு முன்பே பழைய லீக் படுத்த படுக்கையாகத்தான் இருந்தது. இந்த உண்மையையும் மறக்கக் கூடாது.

எல்லாம் மாறியது 2010-ல்!

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் (ஏ.ஐ.எஃப்.எஃப்) ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டது. ரிலையன்ஸ் நிறுவனமும் ஐ.எம்.ஜி நிறுவனமும் சேர்ந்து 15 வருடங்களுக்கு 700 கோடி ரூபாய் தரும். பதிலுக்கு இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் மொத்தமும் அவர்கள் கையில். ஒளிபரப்பு, ஸ்பான்சர், விளம்பரம் மட்டுமல்ல, புதிதாக ஒரு லீக்கைத் தொடங்கும் உரிமையும் அதில் அடக்கம்.

இங்கேதான் கதையின் முக்கியமான முடிச்சு. பழைய லீக்கை நடத்திக்கொண்டிருந்த அதே சம்மேளனம்தான், அதற்குப் போட்டியாக வரப்போகும் லீக்குக்கும் அனுமதி கொடுத்தது. வீட்டுக்காரரே பக்கத்து மனையில் புது வீடு கட்டி, பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நிறுத்திவிட்ட கதை இது.

ஐ-லீக் கிளப்புகளுக்கு இது உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீரர்களைப் புதிய லீக்குக்கு அனுப்ப மாட்டோம் என்று பல கிளப்புகள் ஆரம்பத்தில் முரண்டு பிடித்தன. ஆனால் அந்த எதிர்ப்பு நீடிக்கவில்லை. ஷில்லாங் லஜோங் கிளப், ஜான் ஆபிரகாமுடன் சேர்ந்து நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியில் பங்குதாரராகவே ஆனது.

2014: திருவிழாவாகத் தொடங்கிய லீக்

2014 அக்டோபர் 12. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். முதல் ஆட்டத்தில் அட்லெடிகோ டி கொல்கத்தா 3-0 என மும்பை சிட்டியை வென்றது. டெல் பியரோ, ராபர்ட் பிரெஸ், ட்ரெசகே, லுயுங்பெர்க், எலானோ என டி.வி.யில் மட்டுமே பார்த்த நட்சத்திரங்கள் இந்திய மைதானங்களில் ஓடினார்கள். பலர் ஓய்வு பெறும் வயதில்தான் வந்தார்கள். ஆனாலும் ரசிகர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதல் சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மைதானத்துக்கு வந்தனர். இந்தியக் கால்பந்து அதுவரை பார்க்காத கூட்டம் இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. முதலில் தேர்வான நகரங்களின் பட்டியலில் சென்னை கிடையாது. பெங்களூரு அணியை வாங்கிய சன் குழுமம் விலகியதால்தான் அந்த இடத்தில் சென்னையின் எஃப்.சி வந்தது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் காரணமாக அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தை புனேயில் ஆடிய அந்த அணி, இறுதிப்போட்டியில் கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வீழ்த்தி கோப்பையைத் தூக்கியது. தண்ணீரில் தவித்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும்.

ஒரே நாட்டுல ரெண்டு லீக்... எப்படி சாத்தியம்?

முதல் மூன்று வருடங்கள் சிக்கல் இல்லாமல் போனது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஐ.எஸ்.எல். அது முடிந்ததும் ஐ-லீக். அதே வீரர்கள் இரண்டிலும் ஆடினார்கள். ஐ.எஸ்.எல் என்பது ஒரு குறுகிய காலத் தொடர் மட்டுமே, ஆசியப் போட்டிகளுக்குத் தகுதி பெறும் வழி ஐ-லீக்தான் என்பது ஏற்பாடு.

ஆனால் மூன்று மாதத் தொடருக்காக யாரும் வருடக்கணக்கில் கோடிகளைக் கொட்ட மாட்டார்கள். 2017-ல் ஐ.எஸ்.எல் நீண்ட சீசனாக மாறியது. ஐ-லீக்கை இரண்டு முறை வென்ற பெங்களூரு எஃப்.சி, ஐ.எஸ்.எல்-லுக்குத் தாவியது. டாடா ஸ்டீலின் ஜாம்ஷெட்பூர் அணியும் சேர்ந்தது. ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு இரண்டு லீக்குகளும் ஒரே நேரத்தில் நடக்கத் தற்காலிகமாக அனுமதி கொடுத்தது. இனி ஒரு வீரர் ஏதாவது ஒன்றில்தான் ஆட முடியும். பணம் எங்கே அதிகமோ அங்கே வீரர்கள் போனார்கள்.

அதற்கு முன்பே, ஐ-லீக்குக்கு இனி எதிர்காலம் இல்லை என்று சொல்லி கோவாவின் சல்கோகர், டெம்போ, ஸ்போர்ட்டிங் கிளப்புகள் 2016-ல் வெளியேறிவிட்டன.

ஐஸ்வால் கேட்ட ஒரே கேள்வி

இந்த இடத்தில் மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2015-16 சீசனில் தோற்று, ஐ-லீக்கில் இருந்து கீழிறக்கப்பட்ட அணி அது. கோவா கிளப்புகள் வெளியேறியதால் காலியான இடத்தில் திரும்ப வாய்ப்பு கிடைத்தது. அடுத்த வருடமே, மோகன் பகானைப் பின்னுக்குத் தள்ளி 2016-17 ஐ-லீக் சாம்பியன்! அப்போது பயிற்சியாளராக இருந்த காலித் ஜமீல்தான், 2025-ல் இந்திய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டவர்.

வென்ற கையோடு ஐஸ்வால் கேட்டது ஒரே கேள்விதான். நாட்டின் சாம்பியனுக்கு நாட்டின் பெரிய லீக்கில் இடம் இல்லையா?

இல்லை. ஏனென்றால் ஐ.எஸ்.எல் ஒரு ஃபிரான்சைஸ் லீக். உலகின் பெரும்பாலான நாடுகளில் கால்பந்து லீக் என்றால் அடுக்கடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் ஜெயித்தால் மேலே போகலாம், மேல் அடுக்கில் கடைசி இடம் பிடித்தால் கீழே இறங்க வேண்டும். ஐ.எஸ்.எல்-லில் அப்போது அந்த ஏணியே கிடையாது. கட்டணம் கட்டியவருக்கு இடம். கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருடமும் அதே இடம்.

முதலீட்டாளர் தரப்பில் இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. கோடிக்கணக்கில் போட்டவர் ஒரு மோசமான சீசனால் கீழே போய்விடுவார் என்றால் யார்தான் பணம் போடுவார்கள்? இந்தக் கேள்விக்கும் ஐஸ்வாலின் கேள்விக்கும் இடையில்தான் இந்தியக் கால்பந்து இன்றுவரை மாட்டிக்கொண்டிருக்கிறது.

கோவையில் கோப்பை... அப்புறம்?

ஐஸ்வாலின் கதை வடகிழக்கோடு முடியவில்லை. 2018-19 ஐ-லீக் சாம்பியன் யார் தெரியுமா? தமிழ்நாட்டின் சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய அந்த அணி, 2019 மார்ச் 9-ம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என வென்றது. 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவைக்கு வந்தது. பெட்ரோ மன்சி அந்த சீசனில் 21 கோல் அடித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப், சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்குகளை வாங்கியது.

ஆனால் அதே சீசனின் நடுவில்தான், ஐ-லீக்கின் எல்லா ஆட்டங்களையும் இனி நேரலையாகக் காட்ட மாட்டோம் என்று ஒளிபரப்பு குறைக்கப்பட்டது. இதை எதிர்த்து ஐ-லீக் கிளப்புகள் பல 2019 சூப்பர் கோப்பையைப் புறக்கணித்தன. டி.வி.யில் வராத லீக்குக்கு ஸ்பான்சர் வருவாரா? ஸ்பான்சர் வராத கிளப் சம்பளம் கொடுக்குமா?

2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லவே இல்லை. தேசிய சாம்பியன் பட்டம் வென்ற இரண்டே வருடத்தில் இந்த நிலை.

இழப்பு ஒரு கிளப்புக்கு மட்டுமல்ல. கன்னியாகுமரி மாவட்ட மைக்கேல் சூசைராஜ், எட்வின் வன்ஸ்பால், நந்தகுமார் சேகர் போன்ற தமிழக வீரர்கள் சென்னை சிட்டியில் ஆடி, அங்கிருந்து ஐ.எஸ்.எல் அணிகளுக்குப் போனவர்கள். அடுத்து வரும் பையன்களுக்கு அந்தப் படிக்கட்டு தமிழ்நாட்டில் இல்லாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

2019: அதிகாரப்பூர்வமாக மாறிய இடம்

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு ஒரு பாதை வகுத்துக் கொடுத்தது. இனி ஐ.எஸ்.எல்தான் நாட்டின் முதல் நிலை லீக். 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியனுக்குக் கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்-லில் இடம். 2024-25 முதல் கடைசி இடம் பிடிக்கும் அணி கீழே இறங்க வேண்டும். இதுதான் திட்டம்.

முதல் பாதி நடந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டும் 2020-ல் ஐ.எஸ்.எல்-லுக்கு வந்தன. பஞ்சாப் எஃப்.சி.யும், அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கை வென்று மேலே ஏறின. ஆனால் இரண்டாம் பாதி? 2024-25 சீசன் முடிந்தும் ஓர் அணிகூடக் கீழே இறங்கவில்லை. ஏணி ஏறுவதற்கு மட்டும் வைக்கப்பட்டது, இறங்குவதற்கு அல்ல.

மத்த போட்டி லீக்குகள் தோத்தது எப்படி?

பழைய அமைப்புக்கு எதிராகப் புதிய லீக் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று, ஐ.சி.எல். 2007-ல் ஜீ குழுமம் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக். அதன் முதல் டி20 சாம்பியன் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்பது இன்று பலருக்கு நினைவிருக்காது. அதில் ஆடிய வீரர்களை பி.சி.சி.ஐ ஒதுக்கி வைத்தது. 2008-ல் ஐ.பி.எல்-ஐத் தொடங்கியது. ஐ.சி.எல் அதோடு காலி. பி.சி.சி.ஐ மன்னித்து ஏற்றுக்கொண்டதால் அம்பதி ராயுடு போன்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

இரண்டு, ஐரோப்பிய சூப்பர் லீக். 2021 ஏப்ரல் 18-ல் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, மான்செஸ்டர் யுனைடெட் உள்ளிட்ட 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து அறிவித்தன. நிறுவன அணிகளுக்கு நிரந்தர இடம், கீழிறங்கும் ஆபத்தே இல்லை. கிட்டத்தட்ட ஐ.எஸ்.எல் மாடல். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். கூட்டமைப்புகள் தடை விதிப்போம் என்று எச்சரித்தன. 48 மணி நேரத்தில் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில், கூட்டமைப்புகளின் முன் அனுமதி விதிகள் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பு சொன்ன பிறகும் அந்த லீக்கால் எழ முடியவில்லை.

அப்போ ஐ.எஸ்.எல் மட்டும் ஜெயித்தது ஏன்? ஐ.சி.எல்-லும் சூப்பர் லீக்கும் கூட்டமைப்பை எதிர்த்து வந்தவை. ஐ.எஸ்.எல் கூட்டமைப்பின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. லண்டனில் தெருவுக்கு வர ரசிகர்கள் இருந்தார்கள். ஐஸ்வாலுக்காகவும் சல்கோகருக்காகவும் நாடு முழுக்கக் குரல் கொடுக்க ஆளில்லை.

ஆனால் ஒரு கையை மட்டும் பிடித்து வளர்ந்ததுதான் பின்னாளில் வினையானது.

சரி, 2025-ல என்னதான் ஆச்சு?

2010-ல் போட்ட ஒப்பந்தம் 15 வருடங்களுக்கு. அது 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. புதுப்பித்திருக்க வேண்டும். ஆனால் சம்மேளனத்தின் சட்டவிதிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால், தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தம் பேச முடியாத நிலை.

ஜூலையில் லீக்கை நடத்தும் எஃப்.எஸ்.டி.எல் நிறுவனம், ஒப்பந்தம் தெளிவாகும்வரை புதிய சீசனை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. அடுத்த சில வாரங்களில் பெங்களூரு எஃப்.சி தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. செப்டம்பரில் தீர்ப்பு வந்து, டெண்டர் விடப்பட்டது. வருடத்துக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 சதவிகிதம், இதில் எது அதிகமோ அதைச் சம்மேளனத்துக்குத் தர வேண்டும். கீழிறக்க முறையும் கட்டாயம். இந்தக் கணக்கில் போட்ட பணத்தை எடுக்க முடியாது என்பதுதான் சந்தையின் பதிலாக இருந்தது.

இங்கேதான் ஐ.பி.எல்-லுக்கும் ஐ.எஸ்.எல்-லுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. ஐ.பி.எல் அணிகளுக்கு ஒளிபரப்புப் பணத்தில் இருந்து வரும் பங்கே பெரிய வருமானம். ஐ.எஸ்.எல்-லில் ஒளிபரப்பு வருமானம் அந்த அளவுக்கு வளரவே இல்லை. கிளப்புகளை உரிமையாளர்கள் கைக்காசு போட்டே ஓட்டினார்கள்.

2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து உள்ளிட்ட வீரர்கள் சேர்ந்து வீடியோ வெளியிட்டு, ஃபிஃபாவே தலையிட வேண்டும் என்று கேட்கும் நிலை வந்தது. ஜனவரி 6-ல் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, 14 அணிகளுடன் பிப்ரவரி 14-ல் ஐ.எஸ்.எல் தொடங்கும் என அறிவித்தார். மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது ஓர் அணிக்கு 13 லீக் ஆட்டங்கள் மட்டுமே. முந்தைய சீசனில் இதுவே 24.

அப்போ ஐ.எஸ்.எல் நல்லதே செய்யலையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வீரர்களின் சம்பளம் உயர்ந்தது. மைதானங்கள் மேம்பட்டன. தொடக்கத்தில் ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்று இருந்தது, பின்னர் நான்காகக் குறைக்கப்பட்டது. 2021-ல் எஃப்.சி கோவா ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் ஆனது. ஃபிஃபா தரவரிசையில் 2015-ல் 173-வது இடத்தில் இருந்த இந்தியா, 2017-ல் 96-வது இடத்துக்கு வந்தது.

ஆனால் 2025 நவம்பரில் அதே இந்தியா 142-வது இடம். 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. மேல்மாடியை அழகாகக் கட்டிவிட்டு, அஸ்திவாரத்தை அப்படியே விட்டதன் விளைவு இது என்கிற விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியவில்லை.

இனி என்ன?

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, நீண்டகால வணிகப் பங்குதாரர் கிடைப்பாரா, என்ன விலைக்கு? இரண்டு, கீழிறங்கும் முறை காகிதத்தில் இருந்து மைதானத்துக்கு வருமா? மூன்று, லீக்கை நடத்துவதில் கிளப்புகளுக்கு உரிய பங்கும் குரலும் கிடைக்குமா?

இதில் மூன்றாவதுதான் முக்கியம். 2010-ல் கிளப்புகளைக் கேட்காமல் ஒப்பந்தம் போட்டார்கள், ஐ-லீக் கிளப்புகள் அழிந்தன. 2025-ல் ஒப்பந்தம் முடிந்தபோது, ஐ.எஸ்.எல் கிளப்புகளும் அதே மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அன்று ஐஸ்வால் கேட்ட கேள்வியை, எட்டு வருடம் கழித்து பெங்களூரும் சென்னையும் வேறு வார்த்தைகளில் கேட்டன. எங்கள் இடத்துக்கு உத்தரவாதம் யார்?

கோவை நேரு மைதானத்தில் 2019-ல் அந்தக் கோப்பையைப் பார்த்த பத்து வயதுப் பையனுக்கு இப்போது தொழில்முறை ஆட்டத்தை எட்டிப் பார்க்கும் வயது. அவன் ஆடுவதற்கு ஒரு லீக் இருக்குமா என்பதற்கான பதில்தான், இந்த டெண்டரிலும் ஒப்பந்தத்திலும் ஒளிந்திருக்கிறது.